மணல் மேல் ஆடை

மருமகளாக அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று மாமனார் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "சோப்புப் போட்டுக் கை கழுவினியா?" என்பதுதான்.

"கழுவிட்டேன் மாமா."

"காட்டு."

அவள் காட்டினாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் என்று ஒன்று விடாமல் பார்த்தார். பக்கத்தில் நின்ற புதுமாப்பிள்ளை, அப்பா ஏதோ வேடிக்கை செய்கிறார் என்பதுபோல் சிரித்து வைத்தான். அது வேடிக்கையில்லை என்று அவளுக்குப் புரிய வெகுநாள் ஆகவில்லை.

அவளுடைய அப்பா கழிவுநீர் லாரி ஓட்டுபவர். வீடு வீடாகப் போய் மலக்குழியில் குழாயை இறக்கி உறிஞ்சி, ஊருக்கு வெளியே இருந்த கழிவுப் பண்ணையில் கொண்டுபோய்க் கொட்டுவார். மாமனாரோ ஊருக்கே குடிதண்ணீர் அனுப்பும் நிலையத்தின் மேற்பார்வையாளர். மகன் அதே நிலையத்தில் மோட்டார் ஆபரேட்டர். பஸ்ஸில் தினமும் பார்த்துப் பழகி, தன் அப்பாவை ஒருமுறை எதிர்த்து நின்று அவளைக் கட்டிக்கொண்டவன். அந்த ஒரு தடவையோடு அவனிடமிருந்த தைரியம் முழுக்கச் செலவாகிவிட்டது போலிருக்கிறது. அதன்பிறகு அப்பா எதைச் சொன்னாலும் "சரிப்பா" தவிர அவன் வாயிலிருந்து வேறு சொல் வந்ததில்லை.

"ஊர் குடிக்கறது என் கையால. ஊர் கழிக்கறது உங்கப்பன் கையால" என்று மாமனார் சாப்பிடும்போது சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். இன்று வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

நிலையத்தின் மதிலுக்குள்ளேயே குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் மணல் படுகைகள் தெரியும். நாலு படுகை, ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு. ஆற்றுத் தண்ணீரை முதலில் ஒரு குளத்தில் தேக்கி, சேற்றை அடியில் படியவிட்டு, பிறகு மணலின் மேல் பாய்ச்சுவார்கள். அங்கே இடுப்பளவு தண்ணீர் அசையாமல் நின்று, மெதுவாக மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் சரளைக்கல் வழியாக வடிந்து மூடிய தொட்டிக்குப் போகும். மருந்து எதுவும் கிடையாது. கிருமியைத் தீர்த்துக் கட்டுவது பெரும்பாலும் மணலின் மேல் வழவழவென்று படியும் ஒரு படலம்தான். காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி, பச்சையும் பழுப்புமாக, சில வாரங்களில் தானாகவே படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உயிர்கள் அதில் குடியிருந்து, தண்ணீரோடு வருகிற கெட்டதையெல்லாம் தின்றுவிடும். வேலையாட்களும் அதை ஆடை என்றே சொன்னார்கள். ஆடை ரொம்பத் தடித்துப் போனால் தண்ணீர் இறங்காது. அப்போது படுகையை வற்றவிட்டு, தட்டை மண்வெட்டியால் மேலாகச் சுரண்டி எடுப்பார்கள். புது ஆடை படியும்வரை அந்தப் படுகைத் தண்ணீரை ஊருக்கு விடாமல் வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு மாமனார் இதை விளக்கும்போது, துணி உலர்த்துகிற சாக்கில் அவளும் நின்று கேட்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் குரலில் அத்தனை கனிவு. வீட்டுக்குள் நுழையும்போது அதை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருவார்.

குளோரின் கலக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். "நோயாளிக்குத்தான் மருந்து. என் தண்ணிக்கு எதுக்கு?" என்று மடக்கிவிடுவார். ஊருக்கும் அதில் பெருமை. எங்கள் ஊர்த் தண்ணீரில் மருந்து வாடையே கிடையாது என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்கள்.

வடிந்த தண்ணீர் சேரும் தொட்டிக்கு ஒரே சாவி. அது அவர் இடுப்பில் இருந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்து, படியிறங்கி, கண்ணாடி டம்ளரை மணிக்கட்டுவரை முக்கி மொண்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "தெளிவு" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடிப்பார். அதனால் வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயரும் தெளிவுதான். தொட்டியின் உட்சுவரைக் கழுவுவதைக்கூட அவர் யாரிடமும் விட்டதில்லை. தானே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கையால் தேய்ப்பார். "எவன் எதைத் தொட்டுட்டு வந்து கையை விடுவானோ" என்பார்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சரியான வாலு. கூப்பிடுவதும் வாலு என்றுதான். தாத்தாவுக்கு அவள்மேல் உயிர். அவர் உயிரை வைத்தால் எப்படி வைப்பார் என்பதுதான் கஷ்டம். குழந்தை கெட்டியாகச் சாப்பிட ஆரம்பித்ததுமே, "உன் கையால ஊட்டாதே" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். அன்றுமுதல் மூன்று வேளையும் தன் தட்டிலிருந்து பிசைந்து, தன் கையாலேயே ஊட்டினார். அவள் சமைக்கலாம், பரிமாறலாம். ஊட்டக் கூடாது.

நாலு வயது ஆனபோது வாலு ஒருநாள் வாயில் சோற்றோடு கேட்டாள். "தாத்தா, அம்மா கை அழுக்கா?"

"ஆமா கண்ணு. அது பொறந்த இடத்து அழுக்கு. சோப்புக்குப் போகாது."

எதிரில் அவள் புருஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று தட்டை நீட்டினான்.

---

அந்த வருஷம் ஊரில் காய்ச்சல் பரவியது. முதலில் கடைத்தெருப் பக்கம், பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, நாக்கில் வெள்ளை. டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். படுக்கை போதாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள்.

வாலுவுக்கும் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

"சாதாரணக் காய்ச்சல். கஷாயம் போட்டுக் குடு."

"ஊர் பூரா டைபாய்டுன்னு சொல்றாங்க."

"அதனாலதான் சொல்றேன். தண்ணி ஆபீஸ்காரன் வீட்டுலயே வந்துடுச்சுன்னு ஊர் பேசணுமா? வெளியில மூச்சு விடாதே."

புருஷனிடம் கெஞ்சினாள். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாளும். குழந்தையின் வாய் மூடிவிட்டது. எந்நேரமும் லொடலொடவென்று பேசுகிற பிள்ளை, கண்ணைப் பாதி திறந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் மத்தியானம் வயிறு பலகை மாதிரி விறைத்தது. அவள் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். குடல் ஓட்டையாகிவிட்டிருந்தது. மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் கூடியிருந்தவர்கள் நடுவில் மாமனார் வாயைத் திறந்தார். "காய்ச்சலுக்கு முந்தின வாரம் இவ அப்பன் வீட்டுக்குக் குழந்தையத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தா. வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? அந்த லாரி நிக்கற வாசல்ல விளையாட விட்டிருக்கா. அங்கிருந்து வாரிட்டு வந்ததுதான் இது."

கூட்டம் அவளைப் பார்த்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுடைய அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, வண்டி கேட்டைத் தாண்டுகிற அந்த நேரத்தில்தான் அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சதூரம் வண்டியின் பின்னால் நடந்து வந்தார். யாரோ திரும்பிப் பார்த்து முறைக்கவும் நின்றுவிட்டார்.

---

காய்ச்சல் நிற்கவில்லை. இன்னும் சில வீடுகளில் சாவு விழுந்தது. ஒருநாள் காலையில் நிலையத்து வாசலில் ஊர் திரண்டுவிட்டது. "தண்ணியிலதான் கோளாறு. வெளியில வந்து பதில் சொல்லு" என்று கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு நிதானமாக வெளியே போனார். கையில் அந்தக் கண்ணாடி டம்ளர். நிறையத் தண்ணீர்.

எல்லோரும் பார்க்கக் குடித்தார். "என் பேத்தியப் பறிகுடுத்தவன் நான். உங்களுக்கு மேல எனக்கு வலி இருக்கு" என்றார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

"அப்ப எங்கிருந்துதான் வருது?" என்று ஒருவன் கேட்டான்.

"என் மணல் எத்தனையோ வருஷமா இந்த ஊரைக் காப்பாத்திட்டு இருக்கு. ஆனா அதுக்கும் ஒரு அளவு உண்டு. ஆத்துல மேல கொண்டுவந்து எவனாவது கழிவ லாரி லாரியாக் கொட்டினா, மணல் என்ன பண்ணும்?"

"எவன் கொட்டுறான்?"

"நான் யார் பேரையும் சொல்லல. லாரி வெச்சிருக்கறவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஊரில் அப்படி ஒரே ஒரு லாரிதான் இருந்தது.

அவள் பின்வாசல் வழியாக ஓடினாள். அவர்கள் முன்வாசல் வழியாகப் போனார்கள், அதுவும் வண்டிகளில். அவள் போய்ச் சேர்ந்தபோது லாரி எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா தெருவில் குப்புறக் கிடந்தார். அவர் வாயில் அவருடைய லாரிக் குழாயையே திணித்திருந்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் கண் என்று சொல்ல எதுவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். காய்கறிக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், வாலுவின் பள்ளிக்கூட ஆயா. அப்பாவைத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்று அவள் கேட்டபோது, "அதத் தொட்டா எங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றாள் ஆயா.

அன்று சாப்பிடும்போது மாமனார், "நான் யார் பேரையும் சொல்லலையே" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில். லாரி சாம்பல். அவள் அந்தக் குடியிருப்பிலேயே இருந்தாள். போக்கிடம் இல்லை, அதுதான் உண்மை. காலையில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவிக் காட்டிவிட்டுச் சமைப்பாள்.

---

அதன்பிறகுதான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டர் வந்தாள். சின்ன வயசு, கறாரான பேச்சு. ஆற்றில் ஒரு பாட்டில், ஒவ்வொரு படுகையிலிருந்தும் வடியும் இடத்தில் ஒவ்வொரு பாட்டில், தொட்டியில் ஒரு பாட்டில் என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மாமனாரிடம் சொன்னாள்.

"உங்க மணல் பிரமாதமா வேலை செய்யுது சார். ஆத்துல அத்தனை அழுக்கு இருந்தும், படுகையில இருந்து வர்ற தண்ணி சுத்தமா இருக்கு."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே."

"தொட்டித் தண்ணியிலதான் கிருமி இருக்கு."

"உங்க பாட்டில்ல அழுக்கு இருந்திருக்கும்."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. மணலைத் தாண்டின பிறகு யாரோ கலக்கறாங்க. தெரிஞ்சு இல்லை, தெரியாம. இங்க வேலை செய்யற அத்தனை பேரும், குடியிருப்புல இருக்கறவங்களும் மலம் பரிசோதனைக்குக் குடுக்கணும். அந்த லாரிக்காரரோடதும் எடுக்கறோம். அதுவரைக்கும் தொட்டியில குளோரின் போடறோம்."

பெயர் ஒட்டிய சின்னச் சின்ன டப்பாக்கள் வந்தன. வேலையாட்கள் கேலியும் கிண்டலுமாக வாங்கிக்கொண்டு போனார்கள். மாமனாருக்கு மட்டும் முகம் கறுத்தது. "இந்த வயசுல என் மலத்த டப்பாவுல போட்டு ஒரு பொட்டப்புள்ள கையில குடுக்கணுமா?" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"என் டப்பாவையும் நீயே ரொப்பிடு."

"சரிப்பா."

அவன் ரொப்பி, இரண்டு டப்பாவையும் பின்கட்டுத் திண்டில் வைத்தான். அவள் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் என்று எதுவும் அப்போது இல்லை. ஆத்திரம்தான். தாடையில் கம்பி கட்டிய அப்பா ஆஸ்பத்திரிப் படுக்கையில் வாய்பேசாமல் கொடுத்தார். நிலையத்தைப் பெருக்குகிறவனும் கொடுத்தான். இந்த ஒரு மனிதரிடம் மட்டும் அப்படி என்ன பொன்னா இருக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் அவர் கழிப்பறைக்குப் போவதற்கு முன்னால், வெளிச்சுவரில் இருந்த வால்வைத் திருகி மூடினாள். உள்ளே இருந்த பக்கெட்டையும் எடுத்துவிட்டாள்.

"தண்ணி வரல. பக்கெட் எங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"பக்கெட் ஓட்டையாயிடுச்சு மாமா. கால் கழுவ இதோ சொம்புல கொண்டு வரேன். நீங்க ஆபீசுக்குக் கிளம்புங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத் தேய்ச்சுக் கழுவு. பரம்பரையாப் பழகின வேலைதானே."

"ஆமா மாமா" என்றாள்.

அவர் பெயர் ஒட்டிய டப்பாவைக் கொட்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, புதிதாக நிரப்பி மூடினாள். அவள் அப்பாவின் மகள். இதில் அருவருப்புப்பட அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

---

டாக்டர் முடிவோடு வந்தபோது மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

"சார், இதைத் தனியாச் சொல்லணும்."

"இங்க வெளியாள் யாரும் இல்ல. சொல்லுங்க. அந்த லாரிக்காரன்தானே?"

"அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. உங்ககிட்டதான் இருக்கு."

மாமனார் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். சிலருக்கு டைபாய்டு வந்து குணமாகிவிடும், ஆனால் கிருமி பித்தப்பைக்குள் தங்கிவிடும். ஆள் திடமாக நடமாடுவார், காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. ஆனால் மலத்தோடு கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும், சில காலம் பேருக்கு, சில காலம் ஏராளமாக. கையில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும்.

"உங்களுக்கு எப்பவாவது ரொம்ப நாள் காய்ச்சல் வந்திருக்கா?"

"இல்ல."

"வந்துது டாக்டர்" என்றாள் அவள். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம். விடாத காய்ச்சல். நான்தான் கூட இருந்து பாத்துக்கிட்டேன். ஆபீசுக்கு முதுகுவலின்னு லீவு சொன்னார்."

"தொட்டிக்குள்ள யார் யார் கை விடுவாங்க?" என்று டாக்டர் கேட்டாள். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

மாமனார் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கண் மட்டும் வேகவேகமாக எதையோ தேடியது. தேடினது மகன்மேல் வந்து நின்றது.

"அந்த டப்பாவுல இருந்தது என்னோடது இல்ல" என்றார். "இவனோடது. நான் குடுக்க மாட்டேன்னு இவன்தான் ரொப்பினான். கேட்டுப் பாருங்க. கிருமி இவன்கிட்ட இருக்கு. இவன்தான் பெத்த பிள்ளையைக் கொன்னிருக்கான்."

மகன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தது. வழக்கமான சொல்கூட வரவில்லை.

டாக்டர் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். "இவரோட டப்பாவும் வந்ததே. அதுல ஒண்ணும் இல்லை. ரெண்டும் ஒரே ஆளோடதுன்னா எப்படி ஒண்ணுல மட்டும் இருக்கும்?"

மாமனார் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையில தண்ணி வரலையே மாமா" என்றாள் அவள்.

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். "குழந்தைக்கு யாரு சாப்பாடு ஊட்டுவாங்க?"

"மாமாதான். மூணு வேளையும். என் கை அழுக்குன்னு என்னைத் தொட விட்டதில்ல."

புருஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மாமனார் தன் வலது கையை மடியில் வைத்து, வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பவே நீ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்றார். "கூட இருந்து பாத்துக்கிட்டவ நீதானே?"

---

மாத்திரை எழுதிக் கொடுத்து, பித்தப்பையை எடுத்துவிடவும் சொல்லி, அவர் பெயர் வெளியே வரக் கூடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் டாக்டர் போனாள். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வருவார்கள், அப்பாவுக்குச் செய்ததை இவருக்கும் செய்வார்கள் என்று காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

வந்தார்கள். காய்கறிக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் பழக்கூடையோடு வந்தார்கள்.

"பாவம், உங்களுக்கே தெரியாம நடந்தது. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கையைப் பிடித்தார்கள். பிடித்துவிட்டு, போகும்போது வாசல் குழாயில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அதற்கொரு பிரிவுபசாரக் கூட்டம். படுகைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு, மைக் வைத்தார்கள். எத்தனையோ வருஷம் ஊரின் தாகம் தீர்த்தவர் என்று ஒருவர் பேசினார். தன் இழப்பையும் மறந்து உழைத்தவர் என்று இன்னொருவர் பேசினார். மாமனார் மைக்கைப் பிடித்ததும் குரல் உடைந்து, "என் பேத்தி" என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாமல் அழுதார். பெண்கள் பகுதியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள்.

"கிருமி இருந்தது அவருக்குத் தெரியாது. சரி" என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. "குழந்தைக்குக் காய்ச்சல்னு தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னது இவர்தான். ஊர் பேசுமேன்னு. வயிறு விறைக்கற வரைக்கும் வீட்டுல போட்டு வெச்சிருந்தோம். எங்கப்பா ஒரு நாளும் ஆத்துல கொட்டினதில்ல, அதுவும் இவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவரைக் கையைக் காட்டி உங்களை அனுப்பினார்."

யாரும் மாமனாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் மருந்துக் கடைக்காரர். "நல்ல நாளும் அதுவுமா."

அவள் புருஷனைப் பார்த்தாள். உடன் இருந்தவன், எல்லாம் அறிந்தவன். பெத்த மகன் என்றும் பாராமல் அப்பா தன்மேல் பழி போட்டதைக் காதால் கேட்டவன். அவன் எழுந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று அவள் ஒரு கணம் நம்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "குழந்தை போனதுல இருந்து இவளுக்கு மனசு சரியில்ல."

அவள் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, நாற்காலிகளுக்கு இடையே நடந்து, கேட்டைத் தாண்டிப் போனாள். மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மைக் கொரகொரத்தது. அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

---

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து அவளே பார்த்துக்கொண்டாள். அவருக்கு மெல்ல முடியாது. எதையும் கூழாக மசித்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். பேச்சும் குழறல்தான், அவளுக்கு மட்டும் புரியும். அவள் ஒரு பாட்டில் கழுவும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அடித்தவர்கள் யார்மேலும் வழக்கு வரவில்லை. இருட்டாக இருந்தது, முகம் தெரியவில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். பட்டப்பகலில் நடந்தது.

ஊரில் காய்ச்சல் நின்றது. தண்ணீரில் இப்போது குளோரின் வாடை அடிக்கிறது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்பட்டது. அவள் புருஷன். இளைத்திருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எப்படி இருக்கே?" என்றான்.

அவள் கதவை மறித்து நின்றாள்.

"அப்பா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். வாடகை வீட்டுல ரெண்டு பேரும் தனியா இருக்கோம். வீட்டு வேலைக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க. நீ வந்துடேன்."

"டாக்டர் சொன்ன மாத்திரை போட்டாரா? பித்தப்பையை எடுத்தாங்களா?"

"ரெண்டுக்கும் மாட்டேங்கறார். தனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் நீ பண்ணின சூழ்ச்சின்னு சொல்றார்."

"சமையல் யாரு?"

அவன் தயங்கினான். "அப்பாதான். நான் வேலைக்குப் போயிடறேன்ல."

"நீ சாப்பிடறியா?"

"வேணாம்னு சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பாதி திறந்த, பளபளக்கிற கண். புறங்கையை நீட்டி அவன் நெற்றியில் வைத்தாள். கொதித்தது. அந்தத் தொடுகையில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். எத்தனை நாளாய் யாரும் தொடவில்லையோ.

"எத்தனை நாளா?"

"ஒரு வாரம் இருக்கும். சாதாரணக் காய்ச்சல்தான்னு அப்பா சொன்னார். கஷாயம் போட்டுத் தரார்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்படியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டுக்குப் போகாதே. அவர்கிட்ட கேட்காதே."

"தலை சுத்துது. தனியாப் போக முடியும்னு தோணல. நீயும் கூட வாயேன்."

"நான் அன்னிக்குத் தனியாத்தான் போனேன். தோள்ல ஒண்ணையும் தூக்கிக்கிட்டு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவள் கதவைச் சாத்தினாள். படியில் அவன் உட்காருவது கேட்டது. வெகுநேரம் கழித்து எழுந்து, செருப்பை இழுத்து இழுத்து நடந்து போவதும் கேட்டது. எந்தப் பக்கம் போகிறான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும்மா என்று அவர் ஒற்றைக் கண்ணால் கேட்டார்.

"யாரோ ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார்ப்பா" என்றாள். "சொன்னேன். நீங்க வாயைத் திறங்க."